உடம்புக்கும் ஒரு தாள் வேண்டும்!



நம் எலெக்ட்ரிகல் ஒர்க்ஷாப்புக்குள் நுழைந்ததும் இடது கைப் பக்கம், பேனல் போர்டுக்கு மேலே, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படம் தொங்குகிறது. பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருப்பீர்கள். படித்திருக்கிறீர்களா? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்! ஒருத்தரும் தூக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் மூன்று வருஷமாக அந்தப் படத்துக்குக் கீழே இருக்கும் ஆணியில்தான் நானும் பையை மாட்டிக்கொண்டிருந்தேன்.

'மின்னதிர்ச்சி அடைந்தவருக்குச் செய்ய வேண்டிய முதலுதவி' என்பது அதன் தலைப்பு. ஒருவர் குப்புறப் படுத்திருக்கிறார். இன்னொருவர் மண்டியிட்டு அவர் முதுகை அழுத்துகிறார். கண்ணாடி முழுக்கத் தூசி. சட்டத்துக்குப் பின்னால் பல்லி ஒன்று குடும்பம் நடத்துகிறது. மின்சாரம் கையாளும் இடங்களில் இப்படி ஒரு படத்தைத் தமிழிலும் எழுதி மாட்ட வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. மாட்டியாச்சு. விதி முடிஞ்சுது. படிப்பது யார்?

நான் படித்தேன். ஆனால் படிக்க வேண்டிய நாளுக்குப் பிறகு படித்தேன். அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் என் வேண்டுகோளுக்கு வர முடியும்.

இரண்டாம் ஆண்டு ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். முதல் நாள் ராத்திரி நல்ல மழை. காலையில் பெரியப்பா கிணற்று மோட்டார் கொட்டகையைக் கழுவிப் பொட்டு வைக்கப் போனார். நானும் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். ஸ்டார்ட்டர் பெட்டியின் எர்த் ஒயர் எப்போதோ அறுந்து போயிருந்திருக்கிறது. பெரியப்பா ஈரத் துணியோடு பெட்டியைத் தொட்டார். தொட்ட கை ஒட்டிக்கொண்டது.

மெயினை அணைக்க எனக்குத் தெரிந்தது. அணைத்தேன். அந்த வரைக்கும் நான் டிப்ளமோ மாணவன். பெரியப்பா அப்படியே சரிந்து விழுந்தார். உதடு நீலம் பாரித்துவிட்டது. மார்பு அசையவில்லை. அதற்கு மேல் நான் என்ன மாணவன்? சும்மா நின்ற ஒரு ஆள். அவ்வளவுதான்.

சத்தம் கேட்டு ஓடி வந்தவர்களில் ஒருத்தர் "வாயில தண்ணி ஊத்துங்கடா" என்றார். இன்னொருத்தர் "இரும்பு ஏதாச்சும் கையில குடு" என்றார். பெரியம்மா காலைத் தேய்த்துக்கொண்டே அலறினாள். என் தலைக்குள் என்ன ஓடியது தெரியுமா? சொன்னால் சிரிப்பீர்கள். ஓம் விதி! 230 வோல்ட். ஈரமான உடம்பின் தடை சுமார் 1000 ஓம் என்று வைத்தால் 230 மில்லி ஆம்பியர். எவ்வளவு பாயும் என்று கணக்குப் போடத் தெரிந்தது. பாய்ந்தால் உள்ளே என்ன ஆகும் என்று தெரியவில்லை. ஆனதைச் சரி செய்ய என்ன வழி என்று சுத்தமாகத் தெரியவில்லை.

எதிர் வீட்டிலிருந்து சித்தப்பா மகள் ஓடி வந்தாள். எனக்கு அக்கா முறை. நர்சிங் டிப்ளமோ படிக்கிறாள். வந்ததும் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டாள். பெரியப்பாவின் தலையை மெல்லப் பின்னால் சாய்த்து, கழுத்தோரம் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். "நாடி ஓடுது. மூச்சுதான் நின்னிருக்கு. டேய், 108-க்கு அடி" என்றாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஊத ஆரம்பித்தாள். ஒவ்வொரு ஊதலுக்கும் மார்பு ஏறி இறங்கியது. எத்தனை நிமிஷம் என்று எனக்குத் தெரியாது. பெரியப்பா ஒருமுறை விக்கினார். பிறகு தானாக மூச்சை இழுத்தார்.

காலில் பழைய ரப்பர் செருப்பு இருந்ததால் என் கணக்கு அளவுக்குப் பாய்ந்திருக்காது என்று பிறகு நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி இ.சி.ஜி. வைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, திட்டாமல், சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "கரண்ட்டுக்குப் படிக்கிறது நீ. காப்பாத்துனது அவ."

நண்பர்களே, அவளும் டிப்ளமோ. நானும் டிப்ளமோ. அவளுக்கும் மூன்று வருஷம். எனக்கும் மூன்று வருஷம். மோட்டாரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் போனதால் அன்றைக்கு ஒன்றும் கெட்டுவிடவில்லை. உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாமல் போனதால் ஒரு உயிர் போயிருக்கும். இந்தக் கணக்குதான் என்னை இன்றைக்கு வரை உறுத்துகிறது.

அன்று என்ன நடந்தது?

லீவு முடிந்து வந்த பிறகு லைப்ரரியில் தேடித் தேடிப் படித்தேன். நமக்கு ஒரு மணி நேர வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கக்கூடிய விஷயம்தான்.

கை ஏன் ஒட்டிக்கொண்டது? கரண்ட் 'இழுத்துப் பிடிக்கும்' என்று நாம் சொல்கிறோம். பிடிப்பது கரண்ட் அல்ல, நம் கைதான். நம் நரம்புகளே சின்னச் சின்ன மின் துடிப்புகளால்தான் தசைக்கு உத்தரவு போடுகின்றன. வெளியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வந்து அதே உத்தரவை நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருந்தால் தசை சுருங்கியபடியே நிற்கும். விரலை மடக்கும் தசைகள் நீட்டும் தசைகளைவிட வலுவானவை. அதனால் கை மூடிக்கொள்ளும். இதற்குச் சுமார் 10 மில்லி ஆம்பியரே போதும்.

மூச்சு நின்றும் நாடி ஏன் ஓடியது? மூச்சு விடச் சொல்லி உத்தரவு மூளையின் அடிப்பகுதியிலிருந்து நரம்பு வழியாக வர வேண்டும். லைன் கட்டானால் சப்ளை இல்லை. இதயம் அப்படியல்ல நண்பர்களே! அதற்குள்ளேயே சொந்தமாக ஒரு துடிப்பு ஜெனரேட்டர் இருக்கிறது. மேல் அறைச் சுவரில் உள்ள ஒரு சிறு திசுக்கட்டி நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை தானாகவே துடிப்பை அனுப்புகிறது. மூச்சு நின்றாலும் சில நிமிடங்களுக்கு இதயம் ஓடும். அந்தச் சில நிமிடங்களைத்தான் அக்கா பிடித்துக்கொண்டாள். கரண்ட் இன்னும் அதிகமாகி இதயத்தின் வழியே போயிருந்தால் அந்த ஒழுங்கான துடிப்பே சிதறியிருக்கும். அப்போது இதயம் பம்ப் செய்யாது, புழுப்போல நெளியும். ஊதுவது மட்டும் போதாது, மார்பையும் அழுத்த வேண்டும்.

இப்போது சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி. பற்றி நாம் படிக்கிறோம். '30 மில்லி ஆம்பியர்' என்று ரெக்கார்டில் எழுதுகிறோம். வைவாவில் எக்ஸ்டர்னல் "ஏன் 30? ஏன் 300 கூடாது?" என்று கேட்டால் என்ன சொல்வோம்? "கேட்டலாக்ல அப்படித்தான் சார் இருக்கு" என்போம். அந்த 30 என்ற எண் எந்த மோட்டாரிலிருந்தும் வரவில்லை. மனித இதயத்திலிருந்து வந்தது. அதற்குக் கீழே, அதுவும் நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் துண்டித்துவிட்டால், இதயம் பெரும்பாலும் தப்பிக்கும் என்பதால் வந்தது. நம் பாடத்துக்குள்ளேயே உயிரியல் உட்கார்ந்திருக்கிறது. நாம்தான் அதன் பெயரைக் கேட்பதில்லை.

கண்டுபிடித்தவர் யார்?

மார்பை அழுத்தி உயிரைக் காக்கும் முறையைக் கண்டுபிடித்தவர்களில் முதலாமவர் டாக்டர் அல்ல. நம் ஆள்! அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த வில்லியம் கௌவன்ஹோவன். கம்பத்தில் ஏறும் லைன்மேன்கள் ஷாக் அடித்துச் சாவது பெரிய பிரச்சினையாக இருந்த காலம். மின் கம்பெனிகளே பணம் கொடுத்து இதை ஆராயச் சொன்னார்கள். சிதறிய இதயத் துடிப்பை, இன்னொரு மின்னதிர்ச்சி கொடுத்தே ஒழுங்குபடுத்தும் கருவியை அவர் உருவாக்கிக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வு மாணவர் நிக்கர்பாக்கர், கருவியின் கனமான தட்டுகளை நாயின் மார்பில் அழுத்தும்போதெல்லாம் இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறுவதைக் கவனித்தார். 'அப்படியென்றால் அழுத்தினாலே இரத்தம் ஓடுமா?' என்று கேட்டார்கள். ஜூட் என்ற அறுவை மருத்துவரும் சேர்ந்துகொண்டார். 1960-இல் மூவரும் சேர்ந்து அந்த முறையை வெளியிட்டார்கள். கருவி வேண்டாம், இரண்டு கை போதும் என்றார்கள்.

ஒரு மின்பொறியாளர் உடம்பைப் பற்றியும் தெரிந்துகொண்டதால் உலகத்துக்குக் கிடைத்தது அது. நம் ஒர்க்ஷாப் படத்தில் இருப்பதோ 1903-இல் ஷேஃபர் என்பவர் சொன்ன, முதுகை அழுத்தும் பழைய முறை. நான் அந்தப் படத்தை முன்பே கருத்தாகப் படித்திருந்தாலும் பெரியப்பாவைக் குப்புறப் போட்டு அழுத்தியிருப்பேன்! நினைத்தாலே பகீரென்கிறது.

இது மட்டுமா? கொரோனா காலத்தில், 2020-இல், எல்லார் வீட்டிலும் விரலில் மாட்டிப் பார்த்தோமே ஆக்சி மீட்டர், அதன் அடிப்படைத் தத்துவத்தை 1974-இல் கண்டவர் ஜப்பானைச் சேர்ந்த தகுவோ அயோயாகி என்ற மின் பொறியாளர். இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும்போது சிவப்பு ஒளியை விழுங்கும் அளவு வேறு, சுமக்காதபோது வேறு. இரண்டு எல்.இ.டி., ஒரு சென்சார், கொஞ்சம் கணக்கு. இ.சி.இ. நண்பர்கள் மினி புராஜெக்டில் செய்யக்கூடிய சர்க்யூட்தான். ஆனால் இரத்தத்தின் நிறம் ஏன் மாறுகிறது என்று ஒருவர் கேட்டிருக்க வேண்டும் அல்லவா?

திரும்பிப் பார்த்தால் நம் பாடங்களே அங்கிருந்து வந்தவைதான். தவளைக் கால் துடிப்பதை கால்வானி ஆராய்ந்ததில் கிளம்பிய விவாதம்தான் வோல்ட்டாவை 1800-இல் பேட்டரி வரை கொண்டுபோனது. குழாயில் நீர்மம் ஓடுவதற்கான பாய்சல் விதியை மெக்கானிகல்காரர்கள் படிக்கிறீர்களே, அந்தப் பாய்சல் ஒரு பிரெஞ்சு மருத்துவர். மெல்லிய இரத்தக் குழாயில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் போய்ச் சொன்ன விதி அது. ஜூலியஸ் மேயர் ஒரு கப்பல் டாக்டர். 1840-இல் ஜாவாவுக்குப் போனவர், அங்கே மாலுமிகளுக்குச் சிரையிலிருந்து எடுத்த இரத்தம் வழக்கத்தைவிடச் சிவப்பாக இருப்பதைக் கண்டு திகைத்தார். வெயில் நாட்டில் உடம்பைச் சூடாக வைக்க அதிகம் எரிக்க வேண்டியதில்லை, அதனால் ஆக்சிஜன் மிச்சமாகிறது என்று யோசித்தார். அந்த யோசனை வளர்ந்து ஆற்றல் அழியாமைத் தத்துவத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தெர்மோடைனமிக்ஸ் முதல் விதி என்று மனப்பாடம் செய்கிறோமே, அதன் வேர்களில் ஒன்று மாலுமியின் கை நரம்பில் இருக்கிறது!

'அது பயாலஜி குரூப் பசங்க பாடம்பா'

இந்தப் பேச்சை எடுத்தாலே ஹாஸ்டலில் முதலில் வரும் பதில் இதுதான். பத்தாம் வகுப்போடு தவளை, செம்பருத்தி எல்லாவற்றுக்கும் டாட்டா காட்டிவிட்டு வந்தவர்கள் நாம். டாக்டருக்குப் படிப்பவனுக்கு உயிரியல், ஸ்பேனர் பிடிப்பவனுக்கு எதற்கு என்று நினைக்கிறோம்.

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் சரித்திரமும் வணிகமும் படிக்கிற மாணவர்கூட ஓர் அறிவியல் பாடமாவது எடுத்தே தீர வேண்டும். அவர்களுக்கென்றே தனியாக அறிமுக உயிரியல் பாடம் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் கதவு திறந்திருக்கிறது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கழகம் 2018-இல் பொறியியல் பட்டப் படிப்புக்கு வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தில் உயிரியலுக்கும் ஒரு தாள் உண்டு. கணிதம், இயற்பியல், வேதியியல் போலவே உயிரியலும் முக்கியமான அறிவியல் என்று புரிய வைப்பதுதான் அதன் முதல் நோக்கம். முதல் பாடமே கண்ணையும் கேமராவையும், பறவையையும் விமானத்தையும் ஒப்பிட்டுத்தான் தொடங்குகிறது. நான் மேலே சொன்ன மேயரின் பெயரும் அதில் வருகிறது.

நல்லது. பி.இ. படிப்பவருக்கு ஒரு தாள் யோசித்தார்கள். நமக்கு? நம் மூன்று வருஷ மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பாருங்கள். கணக்கு இருக்கிறது, இயற்பியல் இருக்கிறது, வேதியியல் இருக்கிறது. உயிரியல் என்ற சொல் எங்கும் இல்லை. ஆனால் படிப்பு முடிந்ததும் கம்பத்துக்கும், குழிக்கும், உலைக்கும், வெல்டிங் பொறிக்கும் பக்கத்தில் போய் நிற்கப் போவது யார்? ஏ.சி. அறையில் டிசைன் போடுகிறவரா? நாம்தானே! சூப்பர்வைசராகப் பத்துப் பேரை அங்கே நிறுத்தப் போவதும் நாம்தானே!

சிவில் நண்பர்களைக் கேட்கிறேன். செப்டிக் டேங்க் வரைகிறீர்கள். நீளம், அகலம், ஆழம், தடுப்புச் சுவர் எல்லாம் மில்லிமீட்டர் சுத்தமாக வரும். உள்ளே காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் என்ன செய்கின்றன? மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டாக்குகின்றன. ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று ஆள் இறங்குவார். அந்த வாயு உடம்பின் செல்களுக்குள் புகுந்து, ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வேலையையே நிறுத்திவிடும். முதலில் இறங்கியவர் விழுவார். காப்பாற்ற இறங்குகிற இரண்டாமவரும் விழுவார். இப்படி ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் இறந்த செய்தியை நாம் எத்தனை முறை பேப்பரில் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறோம்! மனிதரைப் பாதுகாப்பின்றி இறக்கக் கூடாது என்று 2013-இல் சட்டம் வந்தது. சாக்கடைக் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் அதையே 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் வந்தது, தீர்ப்பு வந்தது. அந்தக் குழியை வரைகிற மாணவனுக்கு மட்டும் அதற்குள் என்ன இருக்கிறது என்ற பாடம் வரவில்லை. நாளைக்கு "இறங்குப்பா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லும் சூப்பர்வைசராக நம்மில் ஒருவர் இருந்துவிடக் கூடாது.

மெக்கானிகல் நண்பர்களே! கண்ணாடி போடாமல் டேக் அடித்துவிட்டு, ராத்திரி கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி உருண்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? 'ஆர்க் அடிச்சிடுச்சு' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல் தோலைச் சுட்டிருக்கிறது என்பதுதான் விஷயம். அது இரண்டொரு நாளில் ஆறிவிடும். காது அப்படி ஆறாது. உட்செவியில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் பிரஸ் ஷாப் சத்தத்தில் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. ஆட்டோமொபைல்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓட விடுகிறீர்களே, கார்பன் மோனாக்சைடு நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். நிறமில்லை, மணமில்லை, எச்சரிக்கையும் இல்லை.

எப்படி இருக்க வேண்டும்?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 'மைட்டோகாண்ட்ரியாவின் படம் வரைந்து பாகங்களைக் குறி' என்று பத்து மார்க் கேள்வி வரும் தாள் என்றால் எனக்கு வேண்டாம். முதல் எதிர்ப்பு நானே தெரிவிப்பேன். டாக்டருக்குப் படிப்பவரின் புத்தகத்தைப் பாதியாக வெட்டி நம் தலையில் கட்டினால், கைடு வாங்கி, கடைசி ராத்திரி மனப்பாடம் செய்து, நாற்பது மார்க் வாங்கி மறந்துவிடுவோம். சாமர்த்தியத்தில் நாம் யாருக்கும் சளைத்தவர்களா என்ன?

நம் தொழிலிலிருந்து கிளம்பி உடம்புக்குப் போகிற பாடம் வேண்டும். ஐந்து யூனிட் போதும். நரம்பும் இதயமும் ஒன்று. அதை ஷாக்கிலிருந்து தொடங்கலாம். மூச்சும் இரத்தமும் ஒன்று. அதைக் குழியிலிருந்தும் கராஜிலிருந்தும் தொடங்கலாம். கண், காது, தோல், நுரையீரல் ஒன்று; வெல்டிங், பிரஸ், சிமெண்ட், தூசி எல்லாம் அதில் வரும். நுண்ணுயிர்கள் ஒன்று. குடிநீர் 100 மில்லியில் ஈ.கோலை பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று இந்தியத் தரநிர்ணயம் ஏன் சொல்கிறது, டாக்டர் ஐந்து நாளைக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கை இரண்டாம் நாளே நாமாக நிறுத்துவது ஏன் சரியில்லை என்பதெல்லாம் அங்கே வரட்டும். கடைசி யூனிட் நம் வீட்டு நோய்கள். சர்க்கரை வியாதி இல்லாத வீடு எத்தனை இருக்கிறது? இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் கணையம் இன்சுலினை விடுகிறது, இறங்கினால் குறைக்கிறது. கண்ட்ரோல் சிஸ்டத்தில் நாம் படிக்கும் குளோஸ்டு லூப்தான் இது. அந்த லூப் கெட்டுப் போவதுதான் அம்மாவின் நோய் என்று புரிந்தால், மாத்திரையை அவர் விட்டுவிடாமல் நாம் பார்த்துக்கொள்வோம்.

பிராக்டிகல் கட்டாயம் வேண்டும். ரப்பர் பொம்மையின் மார்பை அழுத்திப் பழக வேண்டும். குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். நாம் டிசைன் செய்கிற உலகத்தில் நம்மைத் தவிர வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று ஒருமுறை கண்ணால் கண்டால் போதும், மறக்காது.

"இருக்கிற அரியரே போதும்டா மச்சி, புதுசா ஒண்ணு வேற கேக்கறியா?" என்று என் ரூம் மேட் கேட்டான். நியாயமான கேள்வி. கூடுதல் சுமையாக நான் கேட்கவில்லை. பத்தாவதில் படித்ததையே முதலாண்டில் மறுபடி படிக்கிற பகுதிகளைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு இதற்கு இடம் கொடுக்கலாம். "யார் நடத்துவது?" என்பார்கள். பக்கத்துக் கலைக் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரும் நர்சும் இருக்கிறார்கள். மனமிருந்தால் ஆள் கிடைக்கும். "அரைகுறை அறிவு ஆபத்து" என்று ஒரு சார் சொன்னார். உண்மைதான். ஆனால் அன்றைக்குக் கொட்டகையில் தண்ணீர் ஊற்றச் சொன்னவரிடம் இருந்தது அரை அறிவுகூட இல்லையே! ஒரு தாள் படித்தால் நாம் டாக்டர் ஆகிவிட மாட்டோம். டாக்டர் வரும் வரைக்கும் ஆளைக் கெடுக்காமல் இருக்கக் கற்றுக்கொள்வோம். அது போதும்.

நாம் செய்கிற எந்த மெஷினும் கடைசியில் ஓர் உடம்பைத் தொடாமல் இருப்பதில்லை. ஸ்விட்ச்சைத் தொடும் விரல், தண்ணீர் குடிக்கும் வாய், சத்தம் கேட்கும் காது. மெஷின் பக்கத்தை மூன்று வருஷம் படிக்கிறோம். உடம்புப் பக்கத்துக்கு ஒரு செமஸ்டரில் ஒரு தாள் கேட்பது பேராசையா?

பாடத்திட்டம் மாற நாளாகும். இயக்ககம், கமிட்டி, சுற்றறிக்கை என்று அதற்கு ஒரு பாதை இருக்கிறது. நம் மாணவர் பேரவை இந்த ஆண்டுக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பட்டும். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஐந்து சனிக்கிழமை போதும். பேரவை நிதியில் ஒரு பயிற்சிப் பொம்மை வாங்குவோம். சுகாதார நிலையத்தில் கேட்டு ஒரு நர்சை அழைப்போம். அந்தத் தூசி படிந்த படத்தை இறக்கிவிட்டு, நாமே தமிழில் பெரிய எழுத்தில் எழுதிப் புதிதாக மாட்டுவோம்: 'முதலில் மெயினை அணை. 108-க்குச் சொல். மூச்சும் அசைவும் இல்லையென்றால் மல்லாக்கப் படுக்க வை. மார்பின் நடுவில் இரு கையையும் வைத்து, 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, விடாமல் அழுத்து. பழகியவர் இருந்தால் மூச்சும் ஊதட்டும்.' அதற்குக் கீழே பை மாட்ட ஆணி மட்டும் வேண்டாம்!

பெரியப்பா இப்போது நன்றாக இருக்கிறார். புது எர்த் குழி நான்தான் தோண்டிப் போட்டேன். உப்பும் கரியும் போட்டு, மெகர் வைத்து அளந்து காட்டினேன். "இப்ப சரியா இருக்கா?" என்று கேட்டார். "சரியா இருக்கு பெரியப்பா" என்றேன். அந்த ஒரு கேள்விக்கு என் டிப்ளமோ பதில் சொன்னது. மெயினை அணைத்த பிறகு என்ன செய்வது என்பதை அக்காவிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

எல்லாருக்கும் எதிர் வீட்டில் ஓர் அக்கா இருக்க மாட்டாள், நண்பர்களே. அதனால்தான் ஒரு தாள் கேட்கிறேன்.

- மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை